வானும் வடிகட்டியும்: நிலக்காட்சிப் படக்கலையில் உண்மையும் புனைவும்

தோற்றுவாய்

கலையில் உண்மை எவ்வளவு, புனைவு எவ்வளவு என்னும் வினா தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் உலகியல் வழக்கு, நாடக வழக்கு என இரண்டினைப் பகுத்துக் கூறி, அவ்விரண்டும் கலந்து அமைவதே புலவர் நெறி எனக் காட்டினார். உள்ளதை உள்ளவாறே உரைப்பதைத் தன்மை நவிற்சி என்றும், உள்ளதை மிகுத்து உரைப்பதை உயர்வு நவிற்சி என்றும் பள்ளிகளில் கற்பிக்கிறோமெனினும், இரண்டினையும் அணி என்றே தமிழ் மரபு ஏற்றுக்கொண்டது. சொல்லால் ஆகிய கலைக்கு இவ்வுரிமையை மனமுவந்து வழங்கும் கற்றோர் பலர், நிழற்படம் என்னும் கலைக்கு அதனை வழங்கத் தயங்குகின்றனர். கருவி பொய் சொல்லாது. ஆகவே, அதன் முகப்பில் வேறொரு கண்ணாடியை மாட்டி வானத்தின் நிறத்தை மாற்றுவது ஏமாற்றுவேலை என்பது அவர்தம் எண்ணம்.

இவ்வெண்ணம் எத்துணைச் சரியானது என்பதை ஆராய, நிலக்காட்சிப் படத்தின் வானத்தினும் பொருத்தமான இடம் பிறிதில்லை. வெயில் எரிக்கும் பகலில் ஒருவர் மலையையும் வானையும் ஒருங்கே நோக்குகிறார் எனக் கொள்ளலாம். மலைநிழலில் நிற்கும் மரத்தையும் அவர் கண் காண்கிறது. முகிலின் மடிப்பையும் காண்கிறது. கண்ணின் பாவை இடத்திற்கேற்பச் சுருங்கியும் விரிந்தும் வாங்கிய தோற்றங்களை மூளை தொகுத்து ஒரே காட்சியாக வழங்குகிறது. படத்தகட்டிற்கு இவ்வாற்றல் இல்லை. அது ஒரே வேளையில், ஒரே அளவில் எல்லாவற்றையும் வாங்குகிறது. நிலத்திற்கு ஏற்ற ஒளியை விட்டால் வானம் வெறுந்தாளாக வெளுக்கிறது. வானத்திற்கு ஏற்ப அளந்தால் நிலம் கரியாகிறது. ஆகவே, கருவி பொய் சொல்லாது என்னும் அடிப்படையே ஆட்டங்கண்டுவிடுகிறது. கண் கண்டதைக் கருவி சொல்வதே இல்லை. இக்குறையைப் படக்கலைஞர் எவ்வெவ்வாறு எதிர்கொண்டனர், அவற்றுள் எது கலை, எது வெறும் ஒப்பனை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளுத்த வானம்

1851ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கொலோடியன் என்னும் பசையைப் பூசிய கண்ணாடித் தகட்டு முறையை வெளியிட்டார். அடுத்த முப்பதாண்டுக் காலம் உலகெங்கும் நிலக்காட்சிகளைப் பதிவு செய்தது பெரும்பாலும் அம்முறையே. அத்தகட்டிற்கு ஒரு பெருங்குறை இருந்தது. நீலம், ஊதா ஆகிய ஒளிகளையே அது உணரும். பச்சையையும் சிவப்பையும் ஏறத்தாழ உணராது. வானமோ நீல ஒளியின் இருப்பிடம். மலையும் மரமும் பதிவாகும் அளவுக்குத் தகட்டினைத் திறந்து வைத்தால், வானம் அதற்கு முன்பே மிகுதியாகப் பதிந்துவிடும். வெண்முகிலிலும் நீல ஒளி நிறைந்திருப்பதால் முகிலும் வானும் ஒன்றாகவே பதிந்து, அச்சிட்ட தாளில் இரண்டும் வெள்ளையாகக் கரைந்துபோகும். அவ்வெள்ளையும் திட்டுத்திட்டாக அமைந்தால் அழகு கெடும் என்று கருதி, நெகட்டிவ் எனப்படும் எதிர்ப்படத்தின் வான்பகுதியில் மையைப் பூசி ஒரே சீராக வெளுக்கச் செய்தோரும் உண்டு.

சிங்கப்பூரில் ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனம் போன்றவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுத்த படங்களைக் காண்போர், துறைமுகத்தின் மீதும் தெருக்களின் மீதும் விரிந்திருக்கும் வெற்று வானத்தைப் பலவற்றில் காணலாம். அக்காலச் சிங்கப்பூரில் முகிலே தோன்றவில்லை என்று எவரும் கருதார். அது அந்நாளின் வானமன்று. அந்நாளின் தகட்டினது குருடு. வரலாற்றுச் சான்று என மதிக்கப்படும் படமும் தன்னை ஆக்கிய பொருளின் இயல்பால் வடிகட்டப்பட்டதே என்பதை இவ்வெற்று வானம் சொல்லாமற் சொல்கிறது. வடிகட்டி இல்லாத படம் என ஒன்று இல்லை. வடிகட்டுவது கலைஞரின் அறிவா, கருவியின் அறியாமையா என்பதே வினா.

பிறிதோர் இடத்து வானம்

இக்குறையைத் தீர்க்க எழுந்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது பிரான்சு நாட்டைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரேயினுடையது. ஓவியப் பயிற்சி பெற்ற அவர், 1856 முதல் 1858 வரை எடுத்த கடற்காட்சிகள் ஐரோப்பாவைக் கவர்ந்தன. 1857ஆம் ஆண்டில் செத் என்னும் ஊரில் அவர் எடுத்த பேரலைப் படம் அவற்றுள் புகழ்பெற்றது. கடலுக்கென ஒரு தகடு, வானுக்கென ஒரு தகடு எனத் தனித்தனியே ஒளியை அளந்து எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் பொருத்தி ஒரே தாளில் அச்சிடுவது அவர் கையாண்ட வழி. திரண்ட முகிலும் மோதும் அலையும் ஒருங்கே நிற்கும் அப்படங்களில், கண் கடற்கரையில் காணும் காட்சிக்குத் தாளில் இடங்கிடைத்தது.

ஆயினும், ஒரு நாளின் முகிலை அவர் வேறொரு நாளின் கடலோடும் இணைத்தார். ஒரே வானம் அவருடைய ஒன்றுக்கு மேற்பட்ட கடற்படங்களில் காணப்படுகிறது. அவருக்குப் பின் இவ்வழக்கம் பரவியது. முகிற்படங்களைச் சேமித்து வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் பொருத்துவது தொழிலாயிற்று. ஹென்றி பீச் ராபின்சன் 1869இல் வெளியிட்ட தம் நூலில் இத்தகைய இணைப்பு முறையை ஆதரித்து எழுதினார். பீட்டர் ஹென்றி எமர்சன் 1889இல் வெளியிட்ட நூலில் இயற்கையின் உண்மைக்கு மாறானது என இதனை வன்மையாகச் சாடினார். நிழற்படக்கலை பற்றிய திறனாய்வின் தொடக்கக் காலப் பூசல்களுள் இது குறிப்பிடத்தக்கது.

இப்பூசலைத் தீர்க்கத் தமிழ் மரபில் ஓர் அளவுகோல் உண்டு. திணைகள் ஒன்றோடொன்று மயங்குதலை ஏற்றுக்கொண்ட தொல்காப்பியம், நிலம் நிலத்தோடு மயங்குதலை விலக்கியது. முல்லைக்குரிய உணர்வு குறிஞ்சி நிலத்தில் நிகழலாம். ஆனால், ஒரு நிலமே மற்றொரு நிலமாகிவிட இயலாது. இவ்வளவுகோலால் நோக்கின், ஒரே கடலையும் அதன் மேல் அன்று விரிந்த வானையும் இரு தகடுகளில் பதிந்து இணைத்த லெ கிரேயின் செயல் கருவியின் குறையை நீக்கியதேயன்றி உண்மையைக் கெடுத்ததன்று. ஓரிடத்து முகிலைப் பிறிதோர் இடத்துக் கடல் மீது வைத்ததோ நிலமயக்கம். ஒளி ஒரு புறமிருந்து வர, அலை மறுபுறமிருந்து வந்த ஒளியைக் காட்டும் படத்தில், காண்பவர் காரணம் அறியாவிடினும் ஏதோ பொருந்தவில்லை என உணர்வர். எமர்சன் கண்டித்ததில் நியாயம் இங்கே உண்டு.

இணைப்பு முறைக்கு மாற்றாக, எட்வர்ட் மைபிரிட்ஜ் 1869இல் 'வான்மறைப்பு' எனத்தக்க ஒரு கருவியை அறிவித்தார். நிலம் பதிவாகும் நேரத்தில் வானப்பகுதிக்கு வரும் ஒளியை மட்டும் குறைக்கும் தடுப்பு அது. ஒரே தகடு, ஒரே வேளை, ஒரே இடம். ஆனால், வானுக்குக் குறைந்த ஒளி. பின்னாளில் தோன்றிய பாதி இருண்ட வடிகட்டியின் மூதாதை இதுவே எனலாம்.

மஞ்சளும் சிவப்பும்

தகட்டின் குருட்டினை நீக்க வழிகாட்டியவர் பெர்லினில் பணியாற்றிய ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல். சில சாயங்களைக் கலந்தால் தகடு பச்சை முதலிய நிறங்களையும் உணரும் என 1873இல் அவர் கண்டறிந்தார். சிவப்பு உட்பட எல்லா நிறங்களையும் உணரும் தகட்டினை இங்கிலாந்தின் ராட்டன் அண்டு வெயின்ரைட் நிறுவனம் 1906இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்நிறுவனத்தை 1912இல் ஈஸ்ட்மன் கோடாக் வாங்கியது. இன்றளவும் வடிகட்டிகள் ராட்டன் எண்களால் வழங்கப்படுவதற்கு இதுவே காரணம்.

தகடு எல்லா நிறங்களையும் உணரத் தொடங்கிய பின்னரே, படக்கலைஞர் 'பில்டர்' என வழங்கும் நிற வடிகட்டிக்குப் பொருள் பிறந்தது. மஞ்சள் வடிகட்டி நீல ஒளியைத் தடுக்கும். சிவப்பு வடிகட்டி நீலத்தோடு பச்சையையும் தடுக்கும். வானிலிருந்து வரும் நீலம் தடைப்படவே, கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் கருக்கிறது. எல்லா நிறங்களையும் ஒருசேரத் தரும் வெண்முகில் அவ்வளவாகக் கருக்காமல் ஒளிர்ந்து நிற்கிறது. வெளிர்மஞ்சள் எட்டாம் எண். அடர்மஞ்சள் பதினைந்தாம் எண். சிவப்பு இருபத்தைந்தாம் எண். அடர்சிவப்பு இருபத்தொன்பதாம் எண். எண் ஏற ஏற வானம் இருள்கிறது. தடுத்த ஒளிக்கு ஈடாக நேரத்தைக் கூட்ட வேண்டும். எட்டாம் எண் வடிகட்டிக்கு ஏறத்தாழ இருமடங்கு நேரம் போதும். இருபத்தொன்பதாம் எண்ணுக்குப் பதினாறு மடங்கு வேண்டும்.

இரண்டு தகடுகள்

இவ்வேறுபாட்டைக் கலையின் வேறுபாடாக மாற்றிய நிகழ்ச்சி 1927 ஏப்ரல் 10ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நிகழ்ந்தது. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் எனப்படும் கருங்கல் மலை பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஏறத்தாழ 4,700 அடி உயர்ந்து நிற்கிறது. அதன் ஒரு பக்கம் கத்தியால் அறுத்தாற்போன்ற செங்குத்துப் பாறை. இருபத்தைந்து வயதினரான ஆன்சல் ஆடம்ஸ், தாம் மணக்கவிருந்த பெண்ணோடும் நண்பர் சிலரோடும், பெரிய கேமராவையும் பன்னிரண்டு கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு பனிபடிந்த சரிவில் ஏறினார். அவர் நாடிச் சென்ற இடம் பாறைமுகத்தை நேர்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் டைவிங் போர்டு என்னும் மேடை. பாறைமுகத்தில் வெயில் படும் வேளை வந்தபோது அவரிடம் எஞ்சியவை இரண்டே தகடுகள்.

முதல் தகட்டினை வழக்கப்படி மஞ்சள் வடிகட்டியைக் கொண்டு எடுத்தார். எடுத்த கணமே ஓர் ஐயம் அவரைப் பற்றியது. இத்தகட்டில் மலையின் வடிவம் வரும். வானம் இடைப்பட்ட சாம்பல் நிறத்தில் அமையும். குறை கூற எதுவும் இராது. ஆயினும், அப்பாறையின் முன் நின்ற உள்ளம் உற்ற அச்சங்கலந்த வியப்பு அதில் வாராது. இதனை உணர்ந்த அவர், எஞ்சிய ஒரே தகட்டிற்கு இருபத்தொன்பதாம் எண் அடர்சிவப்பு வடிகட்டியை மாட்டி, எஃப் 22 துளையில் ஐந்து நொடி ஒளிவிட்டார். அன்று பிறந்ததே 'மானோலித், தி ஃபேஸ் ஆஃப் ஹாஃப் டோம்' என்னும் படம். எடுக்கும் முன்பே முடிந்த படத்தை மனக்கண்ணால் காணுதல் என்னும் தம் கொள்கைக்கு இதனையே தொடக்கமாக அவர் பிற்காலத்தில் குறிப்பிட்டார். தம் படங்கள் நாற்பதன் வரலாற்றைக் கூறி 1983இல் அவர் வெளியிட்ட நூலிலும் இதற்கு இடமளித்தார்.

கருத்த வானம் பொய்யா?

அன்று ஆடம்சின் கண்முன் விரிந்த வானம் நீலவானம். படத்தில் உள்ளதோ கிட்டத்தட்டக் கருவானம். இது பொய்யன்றோ எனக் கேட்கலாம்.

படத்தைக் கூர்ந்து நோக்குவோர்க்கு விடை படத்திலேயே கிடைக்கிறது. கருத்தது வானம் மட்டுமன்று; பாறையின் நிழற்பகுதிகளும் கருத்துள்ளன. இதற்குக் காரணம் உண்டு. வெயில் படாத இடத்திற்கு ஒளி தருவது நீலவானமே. வானத்தின் நீலத்தைத் தடுத்த வடிகட்டி, அந்நீலத்தால் விளக்கம் பெற்ற நிழலையும் இருட்டியது. ஆகவே, வானமும் நிழலும் ஒரே விதிக்கு உட்பட்டு ஒருசேர மாறின. வெயிலை ஏற்ற பனியும் பாறையும் மட்டும் ஒளிர்கின்றன. இங்கே எதுவும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்படவில்லை. இருந்தவற்றுள் ஒன்று குறைக்கப்பட்டது. அக்குறைப்பு படமெங்கும் நேர்மையோடு பரவியது. உயர்வு நவிற்சி எனினும், உள்ளதன் வேரிலிருந்தே அது எழுந்தது. லெ கிரேயின் இரவல் முகிலுக்கும் ஆடம்சின் கருவானுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அடுத்து, இம்மாற்றம் எதற்குப் பணி செய்கிறது என்பதும் கருதத்தக்கது. சங்கச் செய்யுளில் முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளுக்காகவே அமைகின்றன. குறிஞ்சி நிலத்தில் உள்ள எல்லாவற்றையும் புலவர் அடுக்குவதில்லை. தலைவியின் நெஞ்சிற்கு வேண்டிய ஓர் அருவியையோ ஒரு பூவையோ எடுத்து, ஏனையவற்றை விட்டுவிடுகிறார். இப்படத்தின் உரிப்பொருள் பாறையின் பெருமை. சாம்பல் வானம் அமைந்திருப்பின் பார்வை பாறைக்கும் வானுக்கும் இடையே பிரிந்திருக்கும். கருவானம் பின்னே ஒதுங்கிப் பாறையை முன்னே தள்ளுகிறது. வானம் தன்னை மறைத்துக்கொண்டு மலைக்கு இடந்தந்தது எனல் பொருந்தும்.

புகழ்ச்சியோடு நின்றுவிடுதல் திறனாய்வாகாது. இப்படம் கொடுத்த விலையும் உண்டு. சிவப்பு வடிகட்டி தொலைவின் நீலமூட்டத்தை ஊடுருவுவதால், சேய்மையிலுள்ள பனிமலைகளும் அண்மையில் உள்ளவை போலத் தெளிவு பெறுகின்றன. தொலைவை உணர்த்தும் காற்றின் திரை விலகிவிடுகிறது. மலையின் அளவைச் சொல்ல, அடியில் நிற்கும் சிறு மரங்கள் மட்டுமே துணை. ஏப்ரல் மாதத்துப் பிற்பகலின் இளவெம்மையும் படத்தில் இல்லை. காலமற்ற ஒரு மலை நிற்கிறதேயன்றி, அந்நாளில் அவ்விடத்தில் மனிதர் சிலர் இளைப்பாறிய மலை நிற்கவில்லை. இவ்விழப்பை அறிந்தே ஏற்றார் என்பதால் ஆடம்சின் படம் கலையாகிறது. இழப்பதை அறியாமலே கருவானத்தை மட்டும் கடன் வாங்கிய பலருடைய படங்களில் வானம் கருத்தது, மலை வளரவில்லை.

வடிகட்டியே எல்லாம் செய்துவிடும் என்பதும் தவறு. ஆடம்ஸ் 1941இல் நியூமெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் எடுத்த நிலவெழும் காட்சிக்குப் பயன்பட்டது அடர்மஞ்சள் வடிகட்டியே. தொடக்கத்தில் அவர் அச்சிட்ட படிகளில் வானில் முகிற்கீற்றுகள் தெரிகின்றன. ஆண்டுகள் செல்லச்செல்ல, இருட்டறையில் அவ்வானத்தை மேலும் மேலும் இருட்டி அச்சிட்டார். பிற்காலப் படிகளில் அது ஏறத்தாழ முழுக்கருமை. எதிர்ப்படத்தை இசைக்குறிப்புக்கும், அச்சிட்ட படியை அதனை இசைத்துக் காட்டுதற்கும் அவர் ஒப்பிட்டது இதனாலேயே. கண்ணாடி வானத்தை மாற்றும் முன் கலைஞரின் உள்ளம் அதனை மாற்றிவிடுகிறது. பிற்காலப் படிகளின் கருமையில் வியப்பு மிகுந்ததா, அன்றி மாலைநேரத்தின் மென்மை குன்றியதா என்பதில் சுவைஞரிடையே இருவேறு கருத்துகள் எழ இடமுண்டு. ஊர்க் கல்லறையின் வெண்சிலுவைகள் மேல் எஞ்சிய கடைசி வெயிலுக்கு, முகில் தவழும் முன்னைய வானமே நெருங்கிய உறவு எனத் தோன்றுகிறது.

பாதி இருண்ட கண்ணாடி

வண்ணப்படம் பரவியபின் மஞ்சளும் சிவப்பும் பயனற்றுப்போயின. அவை படம் முழுவதையும் மஞ்சளாகவும் சிவப்பாகவும் ஆக்கிவிடும். அவ்விடத்தை நிரப்பியது, மேற்பாதி சாம்பல்நிறமும் கீழ்ப்பாதி தெளிவுமாய் அமைந்த வடிகட்டி. நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைப்பது இது. ஒரு ஸ்டாப் குறைப்பது பாதி ஒளியை விடும். இரண்டு ஸ்டாப் கால் பங்கை விடும். மூன்று ஸ்டாப் எட்டில் ஒரு பங்கையே விடும். மைபிரிட்ஜின் தடுப்பு செய்த வேலையை இக்கண்ணாடி இன்னும் நுட்பமாகச் செய்கிறது.

இதனைக் கலைக்கருவியாக உயர்த்தியவருள் மலையேறியும் படக்கலைஞருமான கேலன் ரோவல் தலையாயவர். 1940இல் பிறந்து 2002இல் விமான விபத்தில் மறைந்த அவர், சிங்-ரே நிறுவனத்தோடு இணைந்து இத்தகைய வடிகட்டிகளை வடிவமைத்தார். விடியற்கதிர் சிகரத்தில் பட்டிருக்க, அடிவாரப் புல்வெளி இன்னும் நிழலில் கிடக்கும் வேளை அவர் விரும்பிய வேளை. வண்ணச் சிலைடு பிலிம் தாங்கக்கூடிய ஒளிவேற்றுமை ஏறத்தாழ ஐந்து ஸ்டாப் அளவே. அவ்வேளையில் சிகரத்திற்கும் புல்லுக்கும் உள்ள வேற்றுமையோ அதனைக் கடந்தது. இரண்டையும் ஒருங்கே கண்ட மலையேறியின் கண்ணுக்கு நீதி செய்யவே அவர் வடிகட்டியை நாடினார். ஆடம்சின் வடிகட்டி உணர்ந்ததைக் காட்டியது. ரோவலின் வடிகட்டி கண்டதை மீட்டது. முன்னது நாடக வழக்கின் பக்கமும், பின்னது உலகியல் வழக்கின் பக்கமும் சாய்வன.

இக்கண்ணாடியைத் தவறாகப் பயன்படுத்தினால் படமே அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். அமைதியான ஏரியில் வானம் நிழலாடுங்கால், நீரில் தோன்றும் வானம் மேலுள்ள வானத்தினும் சற்று மங்கியே இருக்கும். தன்மேல் விழும் ஒளி முழுவதையும் நீர் திருப்பி அனுப்புவதில்லை. மேலே வானம் இருண்டு, கீழே அதன் நிழல் ஒளிர்ந்து நிற்கும் படத்தில் வடிகட்டியின் அளவு மிஞ்சிவிட்டது என்பது தெளிவு. தொடுவானத்திற்கு மேலே எழும் மலையுச்சியும் மரத்தின் தலையும் காரணமின்றிக் கருத்திருத்தல் மற்றொரு சான்று. 1978 முதல் பிரான்சின் கோக்கன் நிறுவனம் விலைமலிவான சதுர வடிகட்டிகளைப் பரப்பியபோது, சாம்பல்நிறத்தோடு புகையிலை நிறமும் இளஞ்சிவப்பும் வந்தன. நிலம் இயல்பான நிறத்தில் கிடக்க, வானம் மட்டும் புகையிலைப் பழுப்பில் எரியும் படங்கள் விளம்பரத் தாள்களில் பெருகின. வானத்தின் நிறம் நிலத்தின் மேல் படியவேண்டும் என்னும் எளிய உண்மையும் அங்கே மறக்கப்பட்டது. எதுகை கிடைத்தது என்பதற்காகப் பொருளைப் பலியிடும் செய்யுளுக்கும் இப்படங்களுக்கும் வேறுபாடில்லை.

இக்கால மின்னணுக் கேமராக்கள் பிலிமினும் மிகுந்த ஒளிவேற்றுமையைத் தாங்குகின்றன. பல அளவுகளில் எடுத்த படங்களைக் கணினியில் இணைக்கவும் இயலும். லெ கிரேயின் இரு தகடுகள் புதுவடிவில் மீண்டுள்ளன. அவற்றோடு பிறிதோர் இடத்து வானை ஒரு நொடியில் ஒட்டும் ஆசையும் மீண்டுள்ளது. கருவி மாறினும் வினா மாறவில்லை.

மலேசிய, சிங்கை வானம்

ஆடம்சின் படங்களைக் கண்டு வியந்து சிவப்பு வடிகட்டி வாங்கிய மலேசிய, சிங்கைப் படக்கலைஞர், அதனை மாட்டி எடுத்த வானம் கருக்காததைக் கண்டு சோர்வடைய நேரும். குற்றம் கண்ணாடியில் இல்லை. சிவப்பு வடிகட்டி இருட்டுவது நீலத்தையே. ஆடம்ஸ் நின்றது உயர்ந்த மலையின் தூய, உலர்ந்த காற்றில். அங்கே நீலம் ஆழமானது. நிலநடுக்கோட்டை அடுத்த ஈரக்காற்றில் நீர்த்துளிகள் எல்லா நிறங்களையும் சிதறடிப்பதால், வானம் பெரும்பாலும் பால் கலந்தாற்போல் வெளுத்திருக்கிறது. அன்றி முகில் மூடிக் கிடக்கிறது. நீலமே இல்லாத இடத்தில் நீலத்தைத் தடுக்கும் கண்ணாடி என்ன செய்யும்?

'போலரைசர்' எனப்படும் வடிகட்டியின் நிலையும் இதுவே. கதிரவனுக்குச் செங்கோணத்தில் அமைந்த வானப்பட்டையையே அது மிகுதியாக இருட்டும். நண்பகலில் கதிரவன் தலைக்கு நேரே நிற்கும் இந்நிலப்பகுதியில் அப்பட்டை தொடுவானத்தை ஒட்டி அமைகிறது. அங்கேயோ ஈரமூட்டம் மிகுதி. ஆயினும், அக்கண்ணாடிக்கு இங்கே வேறொரு பயன் உண்டு. மழை நனைத்த இலைகளின் மேல் படியும் வெண்பளபளப்பை அது நீக்கும். நீக்கவே, காட்டின் உண்மைப் பச்சை வெளிப்படும். வானத்திற்கென மேலைநாட்டார் நாடிய கருவி, இந்நிலத்தில் இலைக்குப் பணி செய்கிறது. முகில் மூடிய ஒளிவானத்தை அடக்கவோ, நிறம் நோக்காது ஒளியை மட்டும் குறைக்கும் பாதி இருண்ட கண்ணாடியே ஏற்றது.

இச்செய்தி படக்கலைக்கு மட்டும் உரியதன்று. காணாத பனிப்பொழிவையும் வாராத இளவேனிலையும் பாடும் கவிதைக்கும், இங்கு வளராத மரங்களை வரிசைப்படுத்தும் மாணவர் கட்டுரைக்கும் இது பொருந்தும். பிறர் நிலத்தில் பயன்தந்த உத்தியை அவ்வாறே எடுத்து மாட்டிக்கொள்வதால் பயனில்லை. ரப்பர்த் தோட்டத்தின் விடியலுக்கும், மழைக்கு முந்திய கடற்கரையின் வெள்ளிவானத்திற்கும் அவற்றிற்குரிய ஒளி உண்டு. அவ்வொளியை முதலில் அறிதல் வேண்டும். கண்ணாடியைத் தேர்தல் அதன் பிறகே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். வடிகட்டி இல்லாத படமே உண்மையான படம் என்பது பொருந்தாது. வெளுத்த வானமும் ஒரு பொய்யே. கண் கண்டதை மீட்க வடிகட்டியை நாடுவது தன்மை நவிற்சிக்கும், நெஞ்சு உணர்ந்ததை உணர்த்த நாடுவது உயர்வு நவிற்சிக்கும் ஒப்பாகும், இரண்டும் ஏற்கத்தக்கன. ஓரிடத்து வானை மற்றோர் இடத்து நிலத்தோடு ஒட்டுவதும், நிலத்திற்கு உறவில்லாத நிறத்தை வானில் பூசுவதும் ஏற்கத்தக்கன அல்ல. ஒரு மாற்றம் படம் முழுதும் ஒரே விதியாகப் பரவுகிறதா, அதனால் உரிப்பொருள் விளங்குகிறதா, அம்மாற்றத்தால் இழந்தது எது என்பதைக் கலைஞர் அறிந்துள்ளாரா என்னும் மூன்று வினாக்களைப் படத்தின் முன் வைத்தால் மெய்யும் பொய்யும் தாமே பிரிந்து நிற்கும்.

அம்மூன்று வினாக்களையும் ஒரு செய்யுளின் முன்னும் ஒரு சிறுகதையின் முன்னும் வைத்துப் பார்க்க மாணவரைப் பழக்குதல் தமிழாசிரியர்க்கு அரிதன்று. ஆடம்சின் கையில் எஞ்சியிருந்தவை இரண்டே தகடுகள். முதல் தகடு குறையற்றது என்று அறிந்தும், அதனோடு நிறைவடையாமல் இரண்டாம் தகட்டை அவர் எடுத்தார். குறையற்றது வேறு, நிறைவானது வேறு என்பதை உணர்ந்த அந்த உள்ளமே கலைக்கு வேண்டுவது.